போக்கர் அறைச் சோதனைகள்: சட்டம் தேட வேண்டியது யாரை?

மனமகிழ் மன்றத்தில் போலீஸார் திடீர் சோதனை, பணம் வைத்துச் சீட்டாடியவர்கள் கைது, ரொக்கமும் சீட்டுக்கட்டுகளும் பறிமுதல் என்ற வார்ப்பில் வரும் செய்திகளைத் தமிழகம் பல பத்தாண்டுகளாகப் படித்துவருகிறது. இத்தகைய செய்திகளில் ஆடியவர்களின் எண்ணிக்கை இருக்கும், மேசையில் கிடந்த தொகை இருக்கும், சில நேரம் அவர்களின் பெயர்களும் இருக்கும். அந்த அறையை நடத்தியவருக்கு ஒரு இரவில் எவ்வளவு கிடைத்தது என்ற விவரம் மட்டும் பெரும்பாலும் இருக்காது. போக்கரைச் சட்டபூர்வமாக்கலாமா, சோதனைகளைத் தொடரலாமா என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் சுற்றிவருவதற்குக் காரணம், விடுபட்டுப்போகும் அந்த விவரம்தான் என்று நினைக்கிறேன். போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்கள் தொடர்ந்து விவாதிக்கின்றன. காவல் துறை ஓர் அறையின் கதவைத் தட்டலாமா கூடாதா என்பதை முடிவுசெய்ய அந்தக் கேள்வி உதவாது. ஆட்டத்திலிருந்து அறையின் சொந்தக்காரர் லாபம் எடுக்கிறாரா என்ற கேள்வியே அதை முடிவுசெய்ய வேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த அளவுகோலும் இல்லை. 1867-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் ‘பொதுச் சூதாட்ட வீடு’ எதுவென்று வரையறுக்கும்போதே, நடத்துபவரின் லாபத்துக்காகச் சீட்டும் தாயக்கட்டையும் வைத்திருக்கும் இடம் என்றுதான் சொல்கிறது. சென்னை நகருக்கு 1888-ஆம் ஆண்டின் காவல் சட்டம், மாநிலத்தின் பிற பகுதிகளுக்கு 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் என்று பின்னர் இங்கே நிலைபெற்ற சட்டங்களும் அந்த மரபிலிருந்து வந்தவை. ஆனால் அதே 1867 சட்டம் இன்னொரு பிரிவில், சோதனையின்போது சீட்டுக்கட்டு அகப்பட்டாலே அந்த இடம் சூதாட்ட வீடு என்று அனுமானித்துக்கொள்ள வழிசெய்தது. லாபத்தை நிரூபிக்கும் சிரமமான வேலை இதனால் தேவையற்றதாகிவிட்டது. கட்டும் காசும் கிடைத்தால் வழக்கு முடிந்தது. அங்கு இருந்த ஒவ்வொருவரும் விளையாட வந்தவர் என்றே கொள்ளப்பட்டார்.

உச்ச நீதிமன்றம் 1967 நவம்பரில் ஆந்திரப் பிரதேசத்துக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் அளித்த தீர்ப்பு இந்த இடத்தில் முக்கியமானது. செகந்தராபாத்தில் கிரசெண்ட் பொழுதுபோக்கு மன்றத்துக்குள் 1963-இல் காவல் துறை நுழைந்து, ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பிடித்த வழக்கு அது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்திருப்பது எதைப் போடுவது என்று தீர்மானிக்க வேண்டும், ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது நீதிமன்றம். ரம்மி நிறுவனங்கள் மேற்கோள் காட்டுவது இந்தப் பாதியைத்தான். மறுபாதியை யாரும் அவ்வளவாக நினைவூட்டுவதில்லை. ரம்மியோ வேறெந்த ஆட்டமோ பணம் வைத்து ஆடப்பட்டு, அதிலிருந்து வீட்டுக்காரரோ மன்றத்தாரோ லாபம் அடைகிறார்கள் என்பதற்குச் சான்று இருந்தால் குற்றத்தை நிலைநாட்டலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. உட்காருவதற்கான கட்டணம் மிதமாக இருக்கும்வரை அது லாபம் ஆகாது என்ற கோட்டையும் அதுவே போட்டது. காவல் துறைக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் தேவையில்லை.

லாபம் என்ற அளவுகோலைக் கைவிட்டதன் விளைவை இந்திய வரைபடத்தில் பார்க்கலாம். மேற்கு வங்கத்தின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் சூதாட்டம் என்ற சொல்லின் பொருளிலிருந்தே பிரிட்ஜ், ரம்மி, போக்கர் ஆகியவற்றை நீக்கிவிட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-இல், திறமை ஆட்டமாக ஆடப்படும்வரை போக்கருக்கு உரிமம் தேவையில்லை என்றது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017-இல் போக்கர் சூதாட்டமே என்றது. நாகாலாந்து தனிச் சட்டமே இயற்றி அதைத் திறமை ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. சென்னையில் மகாலட்சுமி கலாச்சார சங்க வழக்கில், பணம் வைத்து ஆடினால் ரம்மியும் சூதாட்டமே என்று உயர் நீதிமன்ற அமர்வு 2012-இல் தீர்ப்பளித்தது. 2015-இல் அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் திரும்பப் பெறப்பட்டதால் கேள்வி பதிலின்றியே நின்றது. ஒரே ஆட்டம், ஒரே ஐம்பத்திரண்டு சீட்டு. ஆடுபவர் கொல்கத்தாவில் சட்டத்தை மதிக்கும் குடிமகன், அகமதாபாத்தில் குற்றவாளி. எந்த ஊரில் எது குற்றம் என்று வழக்கறிஞர்களே தடுமாறும்போது, சோதனைக்குச் செல்லும் ஆய்வாளரின் விருப்பமே சட்டமாகிவிடுகிறது. விருப்பம் சட்டமாகும் இடத்தில் பேரமும் நுழையும்.

போக்கரில் திறமை இருக்கிறதா என்றால், இருக்கிறது. நீண்ட காலக் கணக்கில் தேர்ந்த ஆட்டக்காரர் தேராதவரை வெல்வார் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த உண்மை ஆட்டத்துக்கு நற்சான்று ஆகாது. ஒருவர் தொடர்ந்து வெல்ல வேண்டுமானால் இன்னொருவர் தொடர்ந்து தோற்க வேண்டும். திறமை கூடக்கூட அந்தத் தோல்வி இன்னும் உறுதியாகிறது. அறைக்காரருக்கோ இதில் யார் வென்றாலும் ஒன்றுதான். அவர் ஆடுவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து ‘ரேக்’ எனப்படும் கமிஷனை எடுத்துக்கொள்கிறார். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்பது பேர் ஆளுக்கு 5,000 ரூபாயுடன் உட்காருகிறார்கள். மேசையில் 45,000 ரூபாய். மணிக்கு 25 சுற்று நடக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக 2,000 ரூபாய் சேர்கிறது, அதில் ஐந்து சதவீதம் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு 100 ரூபாய், மணிக்கு 2,500 ரூபாய், ஆறு மணி நேரத்தில் 15,000 ரூபாய். மேசைக்கு வந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு, யாருடைய திறமைக்கும் போகாமல், அறைக்குப் போய்விட்டது. ஆட்டம் நீள நீள இந்தப் பங்கு வளரும். ஆகவே ஆட்களை எழவிடாமல் வைத்திருப்பதில், தோற்றவருக்கு அங்கேயே கடன் கொடுத்து மீண்டும் உட்காரவைப்பதில், பழக்கமில்லாதவர்களை அழைத்துவருவதில் அறைக்காரருக்கு நேரடி ஆதாயம் இருக்கிறது. குடும்பங்களைச் சாய்க்கும் விசை இந்த ஆதாயத்தில்தான் இருக்கிறது.

இப்போதைய சோதனைகள் இந்த விசையைத் தொடுவதே அரிது. 1867 சட்டத்தில் சூதாட்ட வீட்டில் அகப்படுபவருக்கு 100 ரூபாய் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை. நடத்துபவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. மாநிலங்கள் இந்தத் தொகைகளைத் திருத்தியிருந்தாலும் பார்வை மாறவில்லை: ஆடுபவரும் நடத்துபவரும் ஏறக்குறைய ஒரே தட்டில் நிற்கிறார்கள். அறைக்காரருக்கு அபராதம் தொழில் செலவுகளில் ஒன்று. பிடிபட்ட குமாஸ்தாவுக்கோ செய்தித்தாளில் வந்த பெயர் வேலைக்கும் பிள்ளைகளின் திருமணத்துக்கும் தடையாக நிற்கிறது. இதைவிடக் கொடிய விளைவு வேறொன்று உண்டு. ஆட்டமே குற்றம் என்பதால், சீட்டில் மோசடி செய்தாலும், கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலுக்கு வந்து மிரட்டினாலும், தோற்றவரால் காவல் நிலையப் படியேற முடியாது. பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு. நீதிமன்றம் வழியாக வசூலிக்க முடியாத கடன் அடியாள் வழியாக வசூலிக்கப்படுகிறது. கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் தமிழகம் இயற்றிய கடுமையான சட்டம் முதலில் நுழைந்திருக்க வேண்டிய இடம் இந்த அறைகள். அந்தச் சட்டத்தின் உதவியைக் கேட்க வேண்டியவர் தன்னையே குற்றவாளியாக ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

லாபத்தை அளவுகோலாக வைத்து எழுதப்பட்ட சட்டம் எப்படி இருக்கும் என்பதைப் பிரிட்டனில் பார்க்கலாம். அங்கே 2005-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி மதுக்கூடங்களில் போக்கர் ஆடலாம். ஆனால் ஒரு ஆட்டத்துக்கு ஒருவர் 5 பவுண்டுக்கு மேல் வைக்கக் கூடாது, அந்த இடத்தின் ஒரு நாள் மொத்தப் பந்தயம் 100 பவுண்டைத் தாண்டக் கூடாது. உறுப்பினர் மன்றங்களில் ஆளுக்கு 10 பவுண்டு, நாளுக்கு 250, வாரத்துக்கு 1,000. மிக முக்கியமாக, மதுக்கூடம் நுழைவுக் கட்டணம் வாங்க முடியாது. இரண்டு இடங்களிலும் பந்தயப் பணத்திலிருந்து ஒரு காசுகூடக் கழிக்க முடியாது. கமிஷன் எடுத்து நடத்த வேண்டுமானால் காசினோ உரிமம் வேண்டும். அமெரிக்காவின் 1970-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டமும் சூதாட்டத் தொழிலை நடத்துபவர்களைத்தான் குறிவைக்கிறது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் ஒரு கிடங்கின் பின்னறையில் ஐந்து சதவீதக் கமிஷனுக்குப் போக்கர் நடத்தியவரின் வழக்கில், போக்கரில் திறமையே மேலோங்கியது என்று 2012-இல் நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன் விடுதலை அளித்தார். மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நடத்தியது சூதாட்டத் தொழிலா என்பதே கேள்வி, திறமையின் அளவு அந்தச் சட்டத்துக்குப் பொருட்டில்லை என்பது அதன் நிலை.

இங்கே எழும் மறுப்புகளில் வலுவானது, சட்டபூர்வமாக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகருக்கு வரும் அச்சம். 2003-இல் லாட்டரியைத் தடைசெய்த அதே மாநிலம், அதே ஆண்டில் மதுச் சில்லறை விற்பனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. டாஸ்மாக் வருவாய் இல்லாமல் பட்ஜெட் போட முடியாத நிலைக்கு வந்த அரசு, சீட்டுக் கமிஷனில் பங்கு கிடைத்தால் அதையும் விடுமா என்று கேட்பது நியாயம். கோவாவில் 1990-களில் சட்டத் திருத்தங்கள் வழியாக வந்த காசினோக் கப்பல்கள், மாண்டோவி ஆற்றிலிருந்து அவை அகற்றப்படும் என்ற வாக்குறுதிகளையெல்லாம் தாண்டி அங்கேயே நிற்கின்றன. இந்த அச்சத்தை நான் முழுமையாக ஏற்கிறேன், அதனால்தான் கமிஷனுக்கு வரி விதித்து அனுமதிக்கும் வழியை ஏற்கவில்லை. வரி விதிக்கும் அரசு கூட்டாளி ஆகிவிடுகிறது. கமிஷனே கூடாது என்ற விதியில் அரசுக்கு எடுக்கப் பங்கும் இல்லை, அறைக்காரருக்கு ஆட்களைப் பிடித்து வைக்கக் காரணமும் இல்லை. அப்படியானால் யார் அறை நடத்துவார்கள் என்று கேட்கலாம். இப்போது இருக்கும் பல அறைகள் மூடப்படும், மூடப்படட்டும். நண்பர்கள் கூடி ஆடும் ஆட்டமும் உறுப்பினர்களின் சந்தாவில் இயங்கும் மன்றங்களும் மிஞ்சும். அவற்றை நோக்கிப் போலீஸ் வண்டி போக வேண்டியதில்லை.

கமிஷன் இல்லாவிட்டாலும் பந்தயம் பெரிதானால் ஒரே இரவில் சம்பளம் போகுமே என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். அதற்குத்தான் பந்தய உச்சவரம்பு. வரம்பைத் தாண்டும் ஆட்டத்துக்கு இடம் கொடுப்பவர் மீது வழக்குப் போடலாம். சட்ட ஆணையம் 2018-இல் தந்த 276-ஆவது அறிக்கை, சூதாட்டத்தைத் தடுப்பதே விரும்பத்தக்கது, தடுக்க முடியாவிட்டால் கட்டுப்படுத்துவதே வழி என்றது. ஒருவர் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு வரம்பையும் ரொக்கமில்லாப் பரிமாற்றத்தையும் அது பரிந்துரைத்தது. எந்த விதி போட்டாலும் சிலர் மறைவில் பெரிய தொகைக்கு ஆடத்தான் செய்வார்கள். காவல் துறையின் நேரமும் ஆட்களும் அவர்களுக்கு இடமும் கடனும் கொடுப்பவர்களைத் தேடச் செலவாகட்டும்.

இணையத்தில் இந்த மாற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது. தமிழகத்தின் 2022-ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் அட்டவணையில் சேர்த்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அவ்விரண்டுக்கும் அது பொருந்தாது என்றது. மீண்டும் அதே திறமைக் கேள்விதான் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவினையையே விட்டுவிட்டு, பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடைசெய்தது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அவர் பாதிக்கப்பட்டவர் என்பது மத்திய அரசின் நிலைப்பாடு. அந்தச் சட்டத்துக்கு எதிரான வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. கைபேசியில் பணம் இழந்தவர் பாதிக்கப்பட்டவர் என்றால், மன்றத்தின் மேசையில் இழந்தவரை மட்டும் ஏன் வண்டியில் ஏற்ற வேண்டும்? சூதாட்டம் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 34-ஆவது பதிவு. 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆடுபவருக்கான தண்டனையை நீக்கவும், கமிஷன் எடுப்பதையும் மேசையில் கடன் கொடுப்பதையும் தனிக் குற்றங்களாக்கித் தண்டனையை உயர்த்தவும், சீட்டுக்கட்டை வைத்துச் செய்யும் அனுமானத்தை எடுத்துவிட்டு லாபத்தின் கணக்கைச் சான்றாகக் கேட்கவும் சட்டப்பேரவைக்கு இன்றே அதிகாரம் இருக்கிறது.