வருஷா வருஷம் ஏசிக்கு கேஸ் நிரப்புறீங்களா? கசிவது உங்கள் காசு!

சென்னையில் மார்ச் பிறந்தாலே பல வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஏசியை 18-ல் வைத்து ஒரு மணி நேரம் ஆகியும் ரூம் குளிரவில்லை. ஆப்பில் புக் செய்ததும் ஒரு டெக்னீஷியன் வருகிறார். மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபுல் பண்ணிடலாம்" என்கிறார். அரை மணி நேர வேலை, 3,000 ரூபாய் பில். ரூம் ஜில்லென்று ஆகிவிடுகிறது. அடுத்த மார்ச்சில் அதே ரூம், அதே டயலாக், இன்னொரு 3,000 ரூபாய்.

போன வருஷம் போட்ட கேஸ் எங்கே போச்சு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேஸ் தீர்ந்து போகுமா?

போகாது. ஏசியில் இருக்கும் கேஸ், வண்டியில் போடும் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. வீட்டுக்குள் இருக்கும் யூனிட்டில் அது ஆவியாகி அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெளியே இருக்கும் யூனிட்டில் கம்ப்ரஸர் அதை அழுத்த, வாங்கிய வெப்பத்தை அங்கே விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. மூடிய காப்பர் பைப்புக்குள் ஒரே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது.

வீட்டு ஃபிரிட்ஜை யோசித்துப் பாருங்கள். அதிலும் இதே தொழில்நுட்பம்தான். 24 மணி நேரமும் ஓடுகிறது. கோடை வந்தால் ஃபிரிட்ஜுக்கு யாராவது கேஸ் நிரப்புகிறார்களா? "வருஷத்துக்குக் கொஞ்சம் குறையத்தான் சார் செய்யும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அதை அடைக்காமல் கேஸ் நிரப்புவது, ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கும் வேலைதான்.

கேஸ் நிஜமாகவே குறைந்திருக்கிறதா?

இதையே முதலில் உறுதி செய்ய வேண்டும். ஃபில்டர் தூசியால் அடைத்திருந்தால்கூட மீட்டரில் பிரஷர் குறைவாகத்தான் காட்டும். பைப்பில் ஐஸ் படிவதும் அப்படித்தான். கேஸ் குறைந்தாலும் வரும், காற்றோட்டம் குறைந்தாலும் வரும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் பிரஷரும் கூடவே மாறும். மீட்டரை ஒரு நிமிஷம் மாட்டிப் பார்த்துவிட்டு தீர்ப்பு சொல்ல முடியாது.

அதனால் முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள். அவுட்டோர் யூனிட்டின் ஃபேன் சுற்றுகிறதா, அதன் முன்னால் துணி காயப்போட்டு அடைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள் (அபார்ட்மென்ட் பால்கனிகளில் இது ரொம்ப சகஜம்). சில நூறு ரூபாய் கெப்பாசிட்டர் போனாலும் கூலிங் வராது. நல்ல வாட்டர் சர்வீஸ் செய்த பிறகும் குளிரவில்லை என்றால்தான் கேஸ் பேச்சையே எடுக்க வேண்டும்.

சென்னையில் ஏன் இவ்வளவு கசிவு?

பாதிக் காரணம் நாம்தான். வீடு மாறும்போது ஏசியைக் கழற்றி மாட்டுகிறோம். உள் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் இணைக்கும் காப்பர் பைப்பின் முனையை விரித்து நட் போட்டு இறுக்குவார்கள். அவசரத்தில் செய்தால் கசிவு அங்கேதான் தொடங்கும். இது சுலபமான கேஸ். முனையைப் புதிதாக விரித்து நட்டைச் சரியாக இறுக்கினால் போதும்.

மீதிக் காரணம் ஊரின் காற்று. கடலோரம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று அவுட்டோர் யூனிட்டை அரிப்பது தெரிந்த கதை. கழிவுநீர்க் கால்வாய் பக்கத்தில் இருந்தால், அந்த அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடும் காப்பரை விட்டுவைக்காது.

பலருக்கும் தெரியாதது வீட்டுக்குள் நடக்கும் அரிப்பு. காற்றில் ஈரம் அதிகமுள்ள ஊரில் உள் யூனிட்டின் கூலிங் காயில் இரவு முழுக்க நனைந்தே இருக்கும். டியூப் வழியாக வெளியே சொட்டும் தண்ணீர் அதுதான். புது பிளைவுட் கபோர்டு, பசை, கிளீனிங் திரவங்கள் போன்றவற்றிலிருந்து வரும் ஆவி அந்த ஈரத்தில் கரைந்து ஃபார்மிக், அசிட்டிக் அமிலங்களாகிறது. அது காப்பர் குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத சுரங்கங்களைக் குடைந்துகொண்டே போகும். வெட்டிப் பார்த்தால் எறும்புப் புற்று மாதிரி இருக்கும் என்பதால் இதற்கு 'எறும்புப் புற்று அரிப்பு' என்றே பெயர். ஓர் ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று திறக்கலாம்.

சரியான வேலை எப்படி இருக்கும்?

முதலில் சிஸ்டத்துக்குள் நைட்ரஜனை ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, எங்கே குமிழி வருகிறது என்று பார்க்க வேண்டும். கசிவை அடைத்த பிறகு மீண்டும் பிரஷர் வைத்துச் சோதிக்க வேண்டும். அடுத்து வேக்யூம் பம்ப். நம் ஊரில் இந்த ஸ்டெப்பைத் தவிர்க்கவே கூடாது. பைப்புக்குள் ஈரக்காற்று தங்கினால் அது கம்ப்ரஸர் ஆயிலுடன் சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே கெடுக்கும்.

கடைசியாக கேஸை எடை போட்டு ஏற்ற வேண்டும். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் ஆர்32-வா, ஆர்410ஏ-வா, எத்தனை கிராம் என்பதெல்லாம் அச்சிட்டிருக்கும். சிலிண்டரைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். "அனுபவத்துலயே தெரியும் சார்" என்ற பதிலுக்கு 3,000 ரூபாய் கொடுக்கத் தேவையில்லை. இவ்வளவும் செய்ய ஒன்றிரண்டு மணி நேரமாவது ஆகும். 20 நிமிஷத்தில் முடிந்தால் கசிவை யாரும் தேடவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் தயங்காமல் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜனை வைத்து பிரஷர் பார்ப்பது. உள்ளே இருக்கும் ஆயிலுடன் அது சேர்ந்தால் வெடிக்கும். இப்போது வரும் பல ஏசிகளில் இருக்கும் ஆர்32 கேஸே லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது. கசிவு சரிபார்க்கும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

ரிப்பேரா, புதுசா?

சென்னையில் ஒன்றரை டன் ஏசிக்கு கேஸ் ஏற்ற பொதுவாக 2,500 முதல் 4,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். நான்கு கோடைக்கு நிரப்பினால் 12,000-ஐ நெருங்கிவிடும். பல மாடல்களுக்கு அந்தக் காசில் புது கூலிங் காயிலே வந்துவிடும். செலவு இதோடும் நிற்காது. கம்ப்ரஸரைக் குளிர்விப்பதே அதற்குத் திரும்பி வரும் கேஸ்தான். கேஸ் குறையக் குறைய கம்ப்ரஸர் சூடாகிக்கொண்டே ஓடும். செட் டெம்பரேச்சரை எட்டாததால் நிற்காமலும் ஓடும். கரண்ட் பில் ஒரு பக்கம் ஏற, இன்னொரு பக்கம் கம்ப்ரஸர் போய்விட்டால் அதற்கே 10,000 ரூபாய்க்கு மேல் எடுத்துவைக்க வேண்டியிருக்கும்.

ஐந்து வயதுக்குள் இருக்கும் ஏசி என்றால் காயிலை மாற்றுவதே லாபம். எட்டு, பத்து வருஷம் ஓடிவிட்டது, காயிலும் அரித்திருக்கிறது என்றால் அதில் இன்னும் பணம் போடுவது வீண். பழைய ஆர்22 கேஸ் ஏசி என்றால் யோசிக்கவே வேண்டாம். மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி அந்தக் கேஸ் படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. புது ஏசிக்கான ஜிஎஸ்டி-யும் 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது.

வாங்கும்போது ஸ்டிக்கரில் பெரிதாகத் தெரியும் '10 வருஷ வாரண்டி' பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும்தான். முதல் வருஷத்துக்குப் பிறகு கூலிங் காயிலும் கேஸும் அதில் சேருமா என்பது வாரண்டி கார்டில் பொடி எழுத்தில் இருக்கும். ஏஎம்சி போடுபவர்களும் இதே கேள்வியைக் கேட்கலாம்: கேஸ் சேர்த்தா, இல்லை வெறும் லேபர் மட்டுமா?

வேலை முடிந்ததும் பில் வாங்குங்கள். சிறிய கடை, ஜிஎஸ்டி பதிவு இல்லை என்றாலும் ஒரு சாதாரண ரசீதாவது போதும். கசிவு எங்கே இருந்தது, எத்தனை கிராம் கேஸ் ஏற்றப்பட்டது, எத்தனை நாள் கேரண்டி ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். இரண்டே மாதத்தில் மறுபடி குளிராமல் போய், போனையும் எடுக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணமே கிடையாது. வெறும் ஜிபே ஸ்கிரீன்ஷாட் பணம் கொடுத்ததை மட்டும்தான் காட்டும். என்ன வேலைக்குக் கொடுத்தீர்கள் என்பதற்கு ரசீதுதான் சாட்சி.