பேரிடர் பாடத்தில் பிரிவு 61 இடம்பெற வேண்டும்

காவிரிப் படுகை 2004இல் இரு பெருந்துயரங்களைக் கண்டது. ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது.

முதல் துயரத்தின் தொடர்ச்சியாக எழுந்த அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறுவது குழந்தையின் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. இரண்டாவது துயரம் நிவாரணத்திலும் சாதி இருப்பதைக் காட்டியது. முகாம்களில் தலித் குடும்பங்களுக்குத் தங்குமிடமும் குடிநீரும் மறுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்துள்ளன. உடல்களை அகற்றும் பணியோ தலித் துப்புரவுப் பணியாளர்கள் மீதே சுமத்தப்பட்டது.

அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பிரிவு 61, இழப்பீடும் நிவாரணமும் வழங்குகையில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. முகாமில் உறைவிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் ஆகியவற்றுக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுக்கப் பிரிவு 12 வழிசெய்கிறது. பட்டியல் சாதியினர் பொது நீர்நிலையைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

உயர்நிலைப் பள்ளிகளில் பேரிடர் விழிப்புணர்வு என்பது ஒத்திகையோடும் 1077 என்ற மாவட்ட உதவி எண்ணோடும் முடிந்துவிடக் கூடாது. மாணவர்கள் வரையும் ஊர் வரைபடத்தில் சேரியும் இருக்க வேண்டும். எந்தத் தெருவில் முதலில் வெள்ளம் புகும், முகாமாகும் கட்டடம் எது, அதன் சாவி யாரிடம் உள்ளது, அங்கு எல்லோரும் நுழைய முடியுமா என்று அவர்கள் கேட்டறிய வேண்டும்.

இழப்பைப் பதிவுசெய்யவும் பழக வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. மரத்துக்கான இழப்பீடு அதன் உரிமையாளருக்குரியது; அத்தோப்பில் தேங்காய் பறித்துப் பிழைத்தவரின் கூலி இழப்பு அந்தக் கணக்கில் வராது. நிலமற்றோர் இழந்த கூலி, குடிசை, ஆடு, குடும்ப அட்டை ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதி, ஒளிப்படத்துடன் ஆட்சியரிடம் மனுவாக அளித்து, ஒப்புகைச் சீட்டு பெறுவதை ஒன்பதாம் வகுப்பு மாணவராலும் செய்ய முடியும். வாய்மொழிப் புகார் காற்றோடு போய்விடும். மனு கோப்பில் நிற்கும்.

கல்லூரி மாணவர்களே, வடகிழக்குப் பருவமழைக்கு முன் உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சென்று இதைக் கற்பியுங்கள். புயல் வந்தபின் கற்பிக்க நேரம் இருக்காது.