பெரிய விமானங்களும் அவற்றின் இரசிகர்களும்

வானில் ஒரு சத்தம் கேட்டால் அது எந்த விமானம் என்று சொல்லக்கூடிய பெண்கள் எம்மிடையே பலர் இருக்கின்றனர். சகடை எது, கிபிர் எது என்று கண்ணால் காணுமுன்பே காதால் அறிந்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்கியவர்கள் நாங்கள். இவ்வாறு விமானங்களை இனங்காண்பவர்கள் உலகின் வேறு இடங்களிலும் உள்ளனர். ஆனால் அவர்கள் ஓடி ஒளிவதில்லை. கமராவும் குறிப்புப் புத்தகமுமாக விமான நிலைய வேலியோரம் மணிக்கணக்கில் காத்து நிற்கின்றனர். பயணிகள் விமானங்களைப் பார்ப்பதே அவர்களது பொழுதுபோக்கு.

லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தின் அருகே மேர்ட்டில் அவெனியூ என்றொரு சிறு வீதி உண்டு. இறங்கவரும் விமானங்கள் அங்குள்ள புற்தரைக்கு மேலாகத் தாழப் பறப்பதால் அது இந்த இரசிகர்களுக்கு ஒரு கோவில் வாசல் போன்றது. விமானத்தின் பின்புறத்தில் எழுதப்பட்டிருக்கும் பதிவெழுத்துகளை அவர்கள் குறித்துக்கொள்வர். (இலங்கை விமானங்களின் பதிவு 4ஆர் என்று தொடங்கும்.) இந்தப் பழக்கம் எல்லா இடத்திலும் வரவேற்கப்படுவதுமில்லை. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டுக்கு இராணுவ விமானங்களைப் பார்க்கச் சென்ற 12 பிரித்தானியரும் 2 ஒல்லாந்தரும் உளவாளிகள் என்ற சந்தேகத்தில் கைதாகித் தண்டனையும் பெற்றனர். மறு ஆண்டு மேன்முறையீட்டில்தான் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. குறிப்புப் புத்தகம் வைத்திருந்ததற்காகச் சந்தேகிக்கப்படுவது எப்படி என்று எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இவர்களிடையே ஓயாத ஒரு வாக்குவாதம் உண்டு. போயிங் 747 சிறந்ததா, எயார்பஸ் ஏ380 சிறந்ததா?

747 இன் பக்கம் நிற்பவர்கள் அதை வானத்து ராணி என்பார்கள். 1969 பெப்ரவரி 9 இல் முதன்முதலாகப் பறந்து, 1970 ஜனவரியில் நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்குப் பயணிகளை ஏற்றத் தொடங்கிய விமானம் இது. அதன் முன்புறத்து மேடுதான் இரசிகர்களை மயக்குவது. அந்த மேடு அழகுக்காக வைக்கப்பட்டதல்ல. ஒலியை விஞ்சும் விமானங்கள் வந்து பயணிகளைக் கொண்டுபோய்விடும், 747க்குச் சரக்குத்தான் மிஞ்சும் என்று அக்காலத்தில் நம்பினார்கள். ஆகவே மூக்கைத் திறந்து சரக்கு ஏற்ற வசதியாக, ஜோ சட்டர் தலைமையிலான பொறியியலாளர்கள் விமானி அறையை மேலே தூக்கி வைத்தனர்.

இந்த விமானத்தோடு இரு பெண்களின் பெயர்களும் சேர்ந்துள்ளன. 1984 ஜூலையில் லின் ரிப்பெல்மையர் தலைமை விமானியாக ஒரு 747 ஐ அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி லண்டனுக்குக் கொண்டுசென்றார். அதே காலத்தில் பெவர்லி பேர்ன்ஸ் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு 747 ஐச் செலுத்தினார். இருவரும் முன்னர் விமானப் பணிப்பெண்களாக இருந்தவர்கள். இரசிகர் கூட்டத்தில் ஆண்களே பெரும்பான்மை என்பதால் இந்தக் கதை அங்கு அதிகம் பேசப்படுவதில்லையோ என்று எனக்குத் தோன்றும்.

ஏ380, 2007 ஒக்டோபரில் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் பயணிகளுடன் முதலாவதாகப் பறந்தது. முழு நீளத்துக்கும் இரண்டு தளங்கள். இறக்கைகளின் அகலம் ஏறக்குறைய 80 மீற்றர். வழமையாக 500 பேரளவில் ஏற்றும். நெற்றி வீங்கிய விமானம் என்று 747 இன் இரசிகர்கள் கேலி செய்வார்கள். அதில் பயணம் செய்தவர்களோ அதன் அமைதியைத்தான் முதலிற் சொல்வார்கள். லண்டனின் இரவுநேர இரைச்சற் கட்டுப்பாடுகளை மனத்திற்கொண்டே அதை வடிவமைத்தனர். எமிரேட்ஸ் நிறுவனம் 2008 இல் அதைப் பறக்கவிட்டபோது, ஓய்வறையில் தூங்க முடியவில்லை என்று விமானிகள் முறையிட்டனர். இயந்திர இரைச்சல் குறைந்ததால் குழந்தைகள் அழுவதும் மலசலகூடத்துத் தண்ணீர்ச் சத்தமும் கேட்கின்றனவாம்!

இந்தச் சண்டையில் இரு பக்கமுமே தோற்றுவிட்டன. நான்கு இயந்திரம் என்றால் நான்குக்கும் எரிபொருள், நான்குக்கும் பராமரிப்பு. பெரிய கிடாரத்தில் சோறு வடித்துவிட்டுப் பந்திக்கு ஆள் வராவிட்டால் என்ன நிலைமை? விமான நிறுவனங்களுக்கும் அதே கவலை. இரண்டு இயந்திர விமானங்கள் விமான நிலையங்களிலிருந்து வெகுதூரம் விலகிப் பறக்க முன்னர் அனுமதியில்லை. இயந்திரங்களின் நம்பகத்தன்மை கூடக்கூட, 1985 இலிருந்து அக்கட்டுப்பாடு தளர்ந்தது. 1995 இல் சேவைக்கு வந்த போயிங் 777 இரண்டே இயந்திரத்துடன் 300 பேருக்கு மேல் ஏற்றிச் சமுத்திரங்களைத் தாண்டியது. ஏ380 உற்பத்தி 251 உடன் 2021 இல் முடிந்தது. 747 இன் 1,574 ஆவதும் கடைசியுமான விமானம் 2023 ஜனவரியில் ஒரு சரக்கு நிறுவனத்திடம் கையளிக்கப்பட்டது. சரக்குத்தான் மிஞ்சும் என்று அன்று சொன்னது, அரை நூற்றாண்டு பிந்தியாவது பலித்துவிட்டது.

எமது நாட்டிலும் இப்பெரிய விமானங்கள் இருந்தன. எயார் லங்கா 1980களில் ட்ரைஸ்டார்களையும் இரு 747 களையும் பறக்கவிட்டது. பின்னர் நான்கு இயந்திர ஏ340 வந்தது. 1986 மே 3 இல் கட்டுநாயக்கவில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தது ஒரு ட்ரைஸ்டாரில். 2001 ஜூலை 24 தாக்குதலில் எரிந்தவற்றுள் ஒரு ஏ340 உம் இருந்தது. எமது பிள்ளைகளும் சகோதரர்களும் ஒரு சூட்கேசுடன் ஏறிப் போனதும் இத்தகைய விமானங்களில்தான். மத்திய கிழக்கிற்கு வேலைக்குப் போன பெண்களும் அப்படியே.

என்னைக் கேட்டால், அழகில் 747 தான். ஆனாலும் என் வாக்கு ஏ380 க்கே. சத்தம் குறைந்த விமானம் என்பதைவிட வேறு என்ன சிறப்பு வேண்டும்? 2017 ஓகஸ்டில் எமிரேட்ஸின் ஏ380 ஒன்று கட்டுநாயக்கவிலும் இறங்கியது. யாரையாவது வழியனுப்ப அங்கே போனால், இறக்கைகளின் கீழ் இயந்திரங்களை எண்ணிப் பாருங்கள். அநேகமாக இரண்டுதான் இருக்கும்.