பென்ஷன் இல்லாத பட்டாளத்துக்காரர்

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது. மீதி 263 பேர் திரும்பி வந்து எப்படிப் பிழைத்தார்கள் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

இந்தப் பக்கத்துக்குப் பட்டாளம் புதிதல்ல. ராணிப்பேட்டையே வெள்ளைக்காரர்களின் குதிரைப்படை தங்கிய ஊர். கணியம்பாடி பக்கத்துக் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே அழைக்கிறார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போகிறார்கள். மழை பொய்த்து ஏரி வறண்டால் விவசாயி வீட்டுக்கு மாதச் சம்பளம்தான் கதி.

இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழொட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடிமேல் பாய்ந்து விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. உயிரோடு வந்த சாதாரணச் சிப்பாய்க்கு?

போர் முடிந்ததும் லட்சக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 ஆண்டு சேவை வேண்டும். போருக்கென்று சேர்ந்து ஐந்தாறு வருஷம் இருந்தவருக்கு அது எட்டாது. பென்ஷன் பெறாத இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்குத் தமிழக அரசு மாத உதவித்தொகை தந்தது பிற்காலத்தில்தான். அதுவரை நிலம்தான் அவருக்குப் பென்ஷன்.

பாலாற்றங்கரையில் அந்த நிலத்துக்கும் கேடு வந்தது. முதல் உலகப்போரிலேயே பிரிட்டிஷ் படையின் பூட்ஸுக்குச் சென்னை மாகாணத்துத் தோல் போனது. பின்னாளில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எங்கும் தோல் தொழிற்சாலைகள் பெருகின. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைத்தது. கூடவே உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் கிணறுகளில் இறங்கியது. இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக ஓர் ஆய்வு கூறியதை 1996 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள், அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலியுங்கள் என்று 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் உத்தரவிட்டது.

இழப்பீட்டுக் கணக்கு பட்டாவையும் ஏக்கரையும்தான் பார்க்கும். போரிலிருந்து திரும்பியவரின் குடும்பத்துக்கு அந்த ஏக்கர், அரசு தராத பென்ஷனுக்கு ஈடாக இருந்தது. பணம் கைக்கு வரத் தாமதமானால், அந்தக் குடும்பத்துக்குப் பென்ஷன் இரண்டாம் முறையும் இல்லை என்றுதான் பொருள்.