முன்னாள் படைவீரர்களுக்கு வருமான வரி: எந்த ஓய்வூதியத்துக்கு விலக்கு, கணக்குத் தாக்கலில் கவனிக்க வேண்டியவை என்ன?

மைசூரு: 2024-25 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கான கடைசி நாள் 2025 ஜூலை 31-லிருந்து முதலில் செப்டம்பர் 15-க்கு நீட்டிக்கப்பட்டது. மைசூரு தேவராஜ மொஹல்லா முதல் கிராமப்புறங்கள் வரை வசிக்கும் முன்னாள் படைவீரர்களும் அவர்களது குடும்பத்தினரும், சட்டம் அளிக்கும் விலக்குகள் எவை, தங்களுக்குப் பொருந்தாதவை எவை என்பதைத் தெளிவாக அறிந்து கணக்கைத் தாக்கல் செய்வது அவசியமாகும்.

படைவீரர் பெறும் சாதாரண ஓய்வூதியத்துக்கு வரிவிலக்கு கிடையாது. அது 'சம்பளம்' என்ற தலைப்பின் கீழ் வரிக்கு உட்பட்டது. புதிய வரிமுறையில் ரூ.75,000, பழைய முறையில் ரூ.50,000 நிலையான கழிவாக அனுமதிக்கப்படுகிறது. பணிக்கொடை, ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெறும் கம்யூட்டேஷன் தொகை, ஓய்வின்போது கிடைக்கும் விடுப்புச் சம்பளம் ஆகியவற்றுக்கு முழு விலக்கு உண்டு.

ஊன ஓய்வூதியம்

பணியின் காரணமாக உடல் ஊனமுற்றவர்களின் ஓய்வூதியத்துக்கான விலக்கு, 1922-ஆம் ஆண்டு அறிவிக்கையிலிருந்து தொடர்ந்து வருகிறது. ஊனக் கூறு, பணிக் கூறு ஆகிய இரண்டுக்குமே விலக்கு உண்டு என மத்திய நேரடி வரிகள் வாரியம் 2001 ஜூலை 2-ஆம் தேதி தெளிவுபடுத்தியது.

எனினும், ஊனத்தின் காரணமாகப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கே இந்த விலக்கு பொருந்தும். பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பொருந்தாது என 2019 ஜூன் 24-ஆம் தேதி வாரியம் சுற்றறிக்கை வெளியிட்டது. இதை எதிர்த்த வழக்கில், அப்போதிருந்த நிலையே தொடர வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்ட் 30-ஆம் தேதி உத்தரவிட்டது. எனவே, பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்று, ஊனக் கூறும் பெறுபவர்கள் ஓய்வூதிய ஆணை, மருத்துவக் குழுவின் ஆவணங்கள் ஆகியவற்றைப் பாதுகாத்து வைப்பது நல்லது.

விலக்குக்குரிய தொகையைக் கணக்கிலிருந்து அடியோடு விட்டுவிடக் கூடாது. 'விலக்கு பெற்ற வருமானம்' என்ற பகுதியில் அதைக் குறிப்பிட வேண்டும். அத்தொகைக்கு வரி பிடித்தம் செய்யப்பட்டிருந்தால், கணக்குத் தாக்கல் மூலமே திரும்பப் பெற முடியும். முந்தைய ஆண்டுகளில் கோரத் தவறியவர்கள், தாமதத்தை மன்னிக்கக் கோரி 119(2)(பி) பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் இதைச் செய்ய வேண்டும்.

வீர விருதுகளும் குடும்ப ஓய்வூதியமும்

பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா மற்றும் அரசு அறிவிக்கையில் இடம்பெற்ற பிற வீர விருதுகளைப் பெற்றவர்களின் ஓய்வூதியம் முழுவதற்கும் 10(18) பிரிவின் கீழ் விலக்கு உண்டு. அவர்களது குடும்ப ஓய்வூதியத்துக்கும் இது பொருந்தும்.

போர் நடவடிக்கை சார்ந்த பணியின்போது உயிரிழந்த வீரரின் மனைவி, குழந்தைகள் அல்லது நியமிக்கப்பட்ட வாரிசு பெறும் குடும்ப ஓய்வூதியத்துக்கு, விதிகளின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10(19) பிரிவு விலக்களிக்கிறது.

ஏனைய குடும்ப ஓய்வூதியம் 'பிற வருமானம்' என்ற தலைப்பில் சேரும். இதற்கு நிலையான கழிவு கிடையாது. மாறாக, ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ரூ.25,000, இவற்றில் எது குறைவோ அது புதிய வரிமுறையில் கழிக்கப்படும். பழைய முறையில் இந்த உச்சவரம்பு ரூ.15,000 ஆகும்.

இரண்டு வருமானம்: மறைந்திருக்கும் வரி

இளம் வயதிலேயே ஓய்வு பெறும் படைவீரர்கள் பலர் வங்கி, தனியார் நிறுவனம், காவல் பணி என மீண்டும் வேலையில் சேர்கின்றனர். சிக்கல் எழுவது பெரும்பாலும் இங்கேதான்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் மாதம் ரூ.40,000 ஓய்வூதியமும் ரூ.35,000 சம்பளமும் பெறுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு முறையே ரூ.4.80 லட்சம், ரூ.4.20 லட்சம். தனித்தனியே பார்த்தால் இரண்டுக்குமே வரி வராது. எனவே இரு தரப்பும் வரி பிடித்தம் செய்திருக்காது. ஆனால், சேர்த்துப் பார்த்தால் மொத்தம் ரூ.9 லட்சம். நிலையான கழிவு ஒரு முறை மட்டுமே உண்டு என்பதால், வரிக்குரிய வருமானம் ரூ.8.25 லட்சம் ஆகிறது. 2024-25 நிதியாண்டில் புதிய வரிமுறையில் வரித் தள்ளுபடிக்கான வரம்பு ரூ.7 லட்சம் என்பதால், அவர் கூடுதல் வரியுடன் ரூ.33,800 செலுத்த வேண்டும். முன்கூட்டிய வரி செலுத்தாததற்கான வட்டி தனி.

இதைத் தவிர்க்க, ஓய்வூதிய விவரத்தை வேலை தரும் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். 2025-26 நிதியாண்டில் தள்ளுபடி வரம்பு ரூ.12 லட்சமாக உயர்ந்திருப்பதால், இதே வருமானத்துக்கு வரி இராது.

மூத்த குடிமக்களுக்கான சலுகைகள் 60 வயதிலிருந்தே தொடங்குகின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 45 வயதில் ஓய்வூதியம் பெறுபவர், ஓய்வூதியர் என்பதாலேயே அச்சலுகைகளைக் கோர முடியாது.

தாக்கலுக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

* ஸ்பர்ஷ் இணையதளத்திலிருந்து படிவம் 16-ஐப் பதிவிறக்கம் செய்ய வேண்டும். ஆண்டின் இடையில் வங்கியிலிருந்து ஸ்பர்ஷுக்கு மாறியவர்கள் இரு தரப்பின் படிவங்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

* படிவம் 26ஏஎஸ், வருடாந்திரத் தகவல் அறிக்கை ஆகியவற்றுடன் வைப்புத்தொகை வட்டியை ஒப்பிட வேண்டும்.

* நிலுவைத் தொகை பெற்று, 89-ஆவது பிரிவின் கீழ் நிவாரணம் கோருபவர்கள் படிவம் 10இ-ஐ முதலில் இணையவழியில் சமர்ப்பிக்க வேண்டும்.

* பழைய வரிமுறை வேண்டுவோர் கடைசி நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் புதிய முறையே பொருந்தும்.

* தாக்கல் செய்த 30 நாள்களுக்குள் கணக்கைச் சரிபார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

கடைசி நாளைத் தவறவிட்டவர்கள் 2025 டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்துடன் தாக்கல் செய்ய முடிந்தது. மொத்த வருமானம் ரூ.5 லட்சத்துக்கு மேற்பட்டால் கட்டணம் ரூ.5,000, அதற்கு உட்பட்டவர்களுக்கு அதிகபட்சம் ரூ.1,000.

போலிக் கழிவுகள் குறித்து எச்சரிக்கை

'வரி முழுவதையும் திரும்பப் பெற்றுத் தருகிறோம்' என்று கூறி, திரும்பக் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கும் முகவர்களிடம் எச்சரிக்கை தேவை. அளிக்காத நன்கொடை, இல்லாத கல்விக் கடன், செலுத்தாத வீட்டு வாடகை போன்றவற்றைக் காட்டித் தாக்கல் செய்யப்பட்ட கணக்குகள் தொடர்பாக, வருமான வரித் துறை 2025 ஜூலை 14-ஆம் தேதி நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் ரூ.1,045 கோடி அளவிலான போலிக் கோரிக்கைகளைத் தாங்களாகவே திரும்பப் பெற்றதாகவும் அத்துறை தெரிவித்தது.

கணக்கை யார் நிரப்பினாலும் அதன் பொறுப்பு வரி செலுத்துபவரையே சாரும். எனவே, கடவுச்சொல்லையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் பிறரிடம் ஒப்படைக்காமல், தாக்கலுக்கு முன் ஒவ்வொரு கழிவுக்கும் ஆவணம் உள்ளதா என்பதைப் படைவீரரே நேரில் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.