கைத்தறிக்கு வேண்டும் எத்தனை கைகள்?

உணவுக்கு அடுத்தபடியாக மனிதனுக்கு இன்றியமையாதது உடை. உலகப் பொதுமறை தந்த வள்ளுவப் பெருந்தகை நெசவுத் தொழில் செய்து வாழ்ந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. நம் ஆண்டவர் அணிந்திருந்த அங்கி தையலே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவாக நெய்யப்பட்டது என்று அருளப்பர் நற்செய்தியில் வாசிக்கிறோம். அதைக் கிழிக்க மனம் வராமல் படைவீரர்கள் சீட்டுப் போட்டார்கள். நல்ல நெசவின் அருமை அந்த முரடர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. கரிசல் மண்ணில் மழையை நம்பி விதைப்பார்கள். மழை பொய்த்தால் விளைச்சலும் பொய்த்துவிடும். ஆனால் மழை இல்லாத ஆண்டிலும் அருப்புக்கோட்டையின் நெசவுத் தெருக்களில் அடுப்பு எரிந்தது. தேவாங்கர், சாலியர் முதலிய நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே பருத்திச் சேலை நெய்து வந்தார்கள். ‘அருப்புக்கோட்டைச் சேலை’ என்றால் வெளியூர்க் கடைகளிலும் தனி மதிப்பு இருந்தது. இன்று அதே தெருக்களில் விசைத்தறியின் சத்தம்தான் காதைத் துளைக்கிறது. கைத்தறியின் ‘டக் டக்’ ஓசையைத் தேடிப்போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

ஏன் இப்படி ஆயிற்று? விசைத்தறி வேகமாக நெய்கிறது, மலிவாக விற்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அரையாண்டு விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் நோட்டுப் புத்தகமும் கையுமாக நெசவுத் தெருக்களில் கேட்டு எழுதியபோது வேறொரு காரணமும் தெரிய வந்தது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

முதலில் தறியைப் பார்ப்போம். இங்குள்ள பழைய தறிகள் குழித்தறிகள். வீட்டுத் தரையில் குழி தோண்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டைகளை மிதித்து நெய்ய வேண்டும். எதற்காகக் குழி? நம் பக்கத்து வறண்ட காற்றில் பருத்தி நூல் முறுக்கேறி ‘பட்’டென்று அறுந்துவிடும். மண் குழியின் ஈரம் மேலே விரிந்திருக்கும் பாவைப் பதமாக வைத்திருக்கிறது. விஞ்ஞான வகுப்பில் ‘ஈரப்பதம்’ என்று நாம் மனப்பாடம் செய்வதை, படிக்காத முன்னோர் தரையில் தோண்டி வைத்திருக்கிறார்கள். அதே குழி ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊறிப் போனால் தறி நின்றுவிடும். மழையே பெய்யாத ஊரில் பெய்கிற நாலு நாள் மழையும் நெசவாளிக்கு ஆகாது!

தறியில் உட்காருவதற்கு முன்னே எத்தனை வேலைகள் என்பதுதான் எங்களை வியக்க வைத்தது. நூல் ஆலையிலிருந்து சிட்டமாக வருகிறது. ஒரு சிட்டம் என்பது 840 கெஜம். ஒரு பவுண்டு நூலில் எத்தனை சிட்டம் இருக்கிறதோ அதுவே அந்த நூலின் நம்பர். 80-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 80 சிட்டம். கணக்குப் போட்டுப் பார்த்தோம்: 67,200 கெஜம், அதாவது ஏறத்தாழ 61 கிலோமீட்டர். அருப்புக்கோட்டையில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தால், அரைக் கிலோவுக்கும் குறைவான நூல் மதுரையைத் தாண்டிப் போய்விடும்! (நம் கரிசலின் கருங்கண்ணிப் பருத்தி குட்டை இழை கொண்டது. இவ்வளவு நயமான நூலுக்கு அது உதவாது. நீள இழைப் பருத்தி வேண்டும்.)

இந்தச் சிட்டத்துக்குச் சாயம் ஏற்ற வேண்டும். ராட்டையில் இட்டுச் சுற்ற வேண்டும். பாவு ஓட்ட வேண்டும். பிறகு விடியற்காலையில், வெயில் ஏறுமுன், பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, இழையோடு இழை ஒட்டாமல் நீவிவிட்டு உலர்த்த வேண்டும். இது ஒரு வீட்டாரால் ஆகாது. பக்கத்து வீட்டாரும் வந்து கை கொடுப்பார்கள். இன்று அவர்கள் நமக்கு, நாளை நாம் அவர்களுக்கு.

அதன்பின் பாவு பிணைத்தல். தறியில் முடிந்துபோன பழைய பாவின் ஒவ்வோர் இழை நுனியோடும் புதுப் பாவின் ஓர் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிவிட வேண்டும். 48 அங்குல அகலச் சேலைக்கு அங்குலத்துக்கு 80 இழை என்று வைத்துக்கொண்டால் 3,840 முறை முறுக்க வேண்டும்! ஒன்று தவறினாலும் சேலையில் கோடு விழும். நெய்யத் தொடங்கிய பிறகும் பக்கத்தில் ஒருவர் ஊடை நூலைத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தார் நின்றால் நாடா நிற்கும்.

இத்தனையையும் செய்கிறவர்கள் பெரும்பாலும் யார்? பெண்கள்! அம்மா, பாட்டி, அத்தை, பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள். ஆனால் ‘நெசவாளி’ என்று படம் போட்டால் தறியில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவைத்தான் போடுகிறார்கள். சேலைக்கு இவ்வளவு என்று வரும் கூலி அவர் கையில்தான் விழுகிறது. தார் சுற்றியவருக்குத் தனிக்கூலி உண்டா என்று கேட்டோம். ஒரு பாட்டி சிரித்துவிட்டார். “சொந்த வீட்டுல சோறாக்குறதுக்கு யாரு தாயி கூலி கொடுக்கா?” என்றார். 2019-20-இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பது தெரிந்தது. அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். அந்தப் பாட்டியின் சிரிப்பையும் இந்தக் கணக்கையும் நாங்கள் சேர்த்தே நோட்டில் எழுதி வைத்தோம்.

இன்னொரு வீட்டில் தறி நல்ல நிலையில் இருந்தும் துணி போட்டு மூடியிருந்தது. அந்த வீட்டு அம்மா சொன்னார்: “தறி இருக்கு. உட்கார ஆளும் இருக்கு. பாவு பிணைக்கத்தான் ஆளு இல்ல. அஞ்சு தெருவுக்கும் ஒருத்திதான். அவளுக்கும் கண்ணு மங்கிப் போச்சு.” கைத்தறி நெய்பவர் இல்லாமல் மட்டும் அழியவில்லை. அவரைச் சுற்றியிருந்த கைகள் ஒவ்வொன்றாகக் குறைய, நெய்ய மனமிருந்தும் தறி நிற்கிறது. அச்சு கட்டுபவர், விழுது கட்டுபவர், தறியைச் சரி செய்யும் தச்சர் ஆகியோரின் கதையும் இதுவே.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கூட்டுறவுச் சங்கங்களின் துணிகளை விற்றுத் தருகிறது. 1985-இல் வந்த சட்டம் வேட்டி, சேலை முதலிய 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. பிற்பாடு அது 11 வகையாகச் சுருங்கியது. ஆலைகள் நூலில் ஒரு பங்கைச் சிட்டமாகத் தர வேண்டும் என்பதும் விதி. அந்தப் பங்கு 2019-இல் நூற்றுக்கு 40-லிருந்து 30 ஆகக் குறைக்கப்பட்டது. 2015 முதல் ஆகஸ்ட் 7-ஆம் நாள் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. இவையெல்லாம் நூலுக்கும் துணிக்கும் செய்யப்பட்டவை. பாவு பிணைக்கும் அம்மாளின் விரலுக்கு என்ன செய்தோம் என்று எங்களுக்குக் கேட்கத் தோன்றுகிறது.

கேரளத்தில் சேந்தமங்கலம் என்றொரு நெசவூர் உண்டு. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அங்கே குழித்தறிகளில் சேறு புகுந்தது; ஓணத்துக்கு நெய்து வைத்த துணிகள் கறைபட்டன. தொண்டர்கள் அந்தக் கறைபட்ட துணியை வெட்டி ‘சேக்குட்டி’ என்ற பொம்மைகள் செய்து விற்று நெசவாளர்களுக்குப் பணம் சேர்த்தார்கள். பல ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் அதில் சேர்ந்துகொண்டார்கள். வெள்ளம் ஒரே நாளில் தறியை நிறுத்தியதால் உலகமே திரும்பிப் பார்த்தது. நம் வறண்ட சீமையில் தறி மாதத்துக்கு ஒன்றாக நிற்கிறது. யாருக்கும் சத்தம் கேட்பதில்லை.

அதற்காக, ‘நெசவாளர் பிள்ளைகள் தறியை விட்டுப் போகக் கூடாது’ என்று நாங்கள் சொல்ல மாட்டோம். இவ்வூர்த் தேவாங்கர்கள் தங்கள் பெயரில் ஒரு கலைக் கல்லூரியையே நிறுவியிருக்கிறார்கள். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றுதானே குழியில் கால் வைத்து உழைத்தார்கள்? எங்கள் வகுப்பிலும் தார் சுற்றிய காசில் சீருடை தைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துப் ‘பாரம்பரியத்தைக் காப்பாற்று’ என்று உபதேசம் செய்ய நமக்கு என்ன உரிமை?

ஆனால் சில காரியங்கள் கூடும். பாவு ஓட்டுவது, கஞ்சி போடுவது, பிணைப்பது ஆகியவற்றை ஒரே கொட்டகையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிக்கூலி கொடுத்தால் அவை வீட்டு வேலையாக மறையாமல் தொழிலாக நிற்கும். கற்றுக்கொள்ளவும் ஆள் வரும். வாங்கும் நாமும் பார்த்து வாங்கலாம். கைத்தறிச் சேலையின் கரையோரத்தில், நெய்யும்போது அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் கம்பின் ஊசிகள் குத்திய சிறு துளைகள் தெரியும். 2006 முதல் கைத்தறி முத்திரையும் வந்திருக்கிறது.

சேலத்தில் 1960-இல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் அங்கே மூன்றாண்டு டிப்ளமா படிக்கலாம், பெண்களுக்கும் இடமுண்டு. இது எங்கள் வகுப்பில் பலருக்கு இதுவரை தெரியாது. கட்டுரைக்காகக் கேட்டு எழுதிய ஐந்து பேரில் இருவர் விண்ணப்பத் தாள் வேண்டுமென்று எழுதிப் போட்டிருக்கிறோம்.