பிழைப்பெழுத்தும் படைப்பெழுத்தும்: புதுமைப்பித்தனின் எழுத்துத் தொழில்

எழுத்தையே தொழிலாகக் கொண்டு, நிலையான ஊதியம் எதனையும் நம்பாது, கிடைத்த இடத்தில் கேட்டதை எழுதிக் கொடுத்துப் பிழைப்பவரைக் குறிக்கத் தமிழில் நிலைபெற்ற சொல் இன்னும் அமையவில்லை. ‘சுதந்திர எழுத்தாளர்’ என்னும் தொடரை இதழ்கள் கையாள்கின்றன. அச்சுதந்திரம் எத்தகையது என்பது வேறு வினா. சொல் அமையாமைக்குக் காரணம் அத்தகையோர் இல்லாமை அன்று. அவர்தம் தொழிலை இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதியாக நாம் கருதாமையே எனலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், இளங்கலை வகுப்பொன்றில் புதுமைப்பித்தன் சிறுகதைகளை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருவர், “இவர் வீட்டு வாடகையை எப்படிக் கட்டினார்?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். ‘வறுமையில் வாடினார்’ என்னும் வழக்கமான விடையைக் கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம். அம்மாணவி கதைகள் எழுதுபவர் என்பதும், மலாய் விளம்பரங்களைத் தமிழாக்கிக் கொடுத்துத் தம் கல்விச் செலவை ஈடுகட்டி வந்தவர் என்பதும் பின்னரே தெரியவந்தன. அவர் கேட்டது விளையாட்டு வினா அன்று, தொழில் வினா. அதற்கு நாம் அளித்த விடை போதாது என்பதை உணர்ந்ததன் விளைவே இக்கட்டுரை.

புதுமைப்பித்தனைப் பற்றி நம்மிடையே வழங்கும் சித்திரம் எளிமையானது. மேதை ஒருவர் வறுமையுற்றார். வயிற்றுப்பாட்டுக்காக இதழ்ப்பணியிலும் திரைப்படத்திலும் காலத்தை இழந்தார். இளமையிலேயே மறைந்தார் என்பது அச்சித்திரம். இதில் பொய் ஏதுமில்லை. எனினும், ஊதியத்துக்காக எழுதியவை அனைத்தும் இழப்பு, ஊதியமின்றி எழுதியவை மட்டுமே இலக்கியம் என்னும் பகுப்பை இச்சித்திரம் தனக்குள் மறைத்து வைத்துள்ளது. அவர் எழுதியவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கி, அந்தந்த ஆண்டில் அவர் எதனால் பிழைத்தார் என்பதையும் அருகே குறித்துப் பார்ப்பின் அப்பகுப்பு நிலைக்கவில்லை. கூலிக்கு எழுதியது அவரைக் கெடுத்தது என்பதைவிட, எவ்வகைக் கூலியெழுத்து எதைக் கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது என்று கேட்பதே பொருத்தமாகும்.

வாழ்க்கை வரலாற்றை விரிக்க வேண்டியதில்லை. சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய அவர் 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் தாசில்தார். பட்டம் பெற்றது திருநெல்வேலி இந்துக் கல்லூரியில். அரசுப் பணியை எதிர்நோக்கி வளர்க்கப்பெற்ற ஒருவர் எழுத்தை நம்பிச் சென்னைக்கு வந்தார் என்பதே இங்கு நமக்கு வேண்டுவது.

முதலில் நோக்கத்தக்கவை 1934, 1935 ஆகிய ஆண்டுகள். 1933-இல் தொடங்கப்பெற்ற ‘மணிக்கொடி’யில் அவருடைய கதைகள் 1934 முதல் இடம்பெறலாயின. நிலையான வேலை அமையாதிருந்த இக்காலத்தில் அவர் எழுதிக் குவித்தவை மிகுதி. அவருடைய மொத்தக் கதைகளுள் கணிசமான பங்கு இவ்விரண்டு ஆண்டுகளைச் சார்ந்தது. மூன்று நான்கு பக்கங்களில் முடிவன பல. குறிப்பு என்று சொல்லத்தக்கவையும் உள. இதழின் பக்க அளவும் வெளியீட்டு நாளும் அக்கதைகளின் வடிவத்தில் பதிந்துள்ளன. ‘துன்பக் கேணி’ போன்ற நெடுங்கதை வெளிவர முடிந்ததும் 1935-இல் அவ்விதழ் தொடராக இடமளித்தமையால்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாகச் சென்றோரைப் பற்றிய அக்கதையை இந்நாட்டு வாசகர்கள் தம் ரப்பர்த் தோட்ட வரலாற்றோடு சேர்த்துப் படிப்பர். அதன் பொருளைப் பேசும் நாம், அதன் நீளத்தைத் தீர்மானித்த பத்திரிகைச் சூழலைப் பேசுவதில்லை.

புனைபெயர்களையும் இவ்விடத்தில் கருதுதல் தகும். கூத்தன், நந்தன், ரசமட்டம், மாத்ரு, கவிதைக்கு வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை எனப் பல பெயர்களில் அவர் எழுதினார். தம் கதைகள் பெற்ற ஓரளவு வெற்றிக்குப் ‘புதுமைப்பித்தன்’ என்னும் கவர்ச்சியான பெயரும் காரணம் என்று அவரே கருதினார். தம் பெயரை ஒரு விற்பனைப் பொருளின் பெயராகப் பார்க்கத் தெரிந்தவர் அவர். சந்தையை அறியாத அப்பாவிக் கலைஞராக அவரைக் காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

மொழிபெயர்ப்பு என்னும் வேலை

ஏறத்தாழ ஐம்பது அயல்மொழிக் கதைகளை அவர் தமிழாக்கினார். செகாவ், கார்க்கி, மாப்பசான், காஃப்கா, எட்கர் ஆலன் போ என அப்பட்டியல் நீளும். மேரி ஷெல்லியின் புகழ்பெற்ற நாவலைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழில் தந்தவரும் அவரே. இவற்றுள் பல பத்திரிகைப் பக்கங்களையும் பதிப்பாளரின் தேவையையும் நிரப்ப எழுந்தவை. ஆயினும் சிறுகதையின் தொடக்கத்தை எங்கு வைப்பது, முடிவை எவ்வளவு சொல்லாமல் விடுவது என்பனவற்றை அவர் பயின்ற பட்டறையாகவும் இவ்வேலையைக் கொள்ளலாம்.

இங்கு ஒரு சிக்கலைத் தவிர்க்க இயலாது. 1930களின் பிற்பகுதியில் மொழிபெயர்ப்பா தழுவலா என்ற விவாதம் எழுந்தபோது, தழுவலை இலக்கியத் திருட்டு என்னும் அளவுக்குக் கடுமையாக எதிர்த்தவர் புதுமைப்பித்தன். அவர் மறைவுக்குப் பின்னர், ‘சமாதி’, ‘நொண்டி’, ‘பயம்’ முதலிய அவருடைய தொடக்கக் காலக் கதைகள் சில மாப்பசானின் தழுவல்கள் என்று அவருடைய நண்பரும் முதல் வரலாற்றாசிரியருமான ரகுநாதனே எழுதினார். ஆய்வாளர் சிலர் இதனை மறைக்க முயல்வர். சிலர் இதனைக் கொண்டே அவரைத் தாழ்த்த முயல்வர். நமக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. இதழுக்கு நாள் தவறாது கதை கொடுக்க வேண்டிய இளம் எழுத்தாளர் ஒருவர் எடுத்த குறுக்குவழியாக அது இருந்திருத்தல் கூடும். பின்னர் அவ்வழியை அவர் அத்துணைக் கடுமையாகச் சாடியதில் தம்மைத் தாமே கடிந்துகொண்ட தொனியும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. இஃது எம் ஊகமே, சான்று அன்று.

ஊதியமும் உச்சமும்

1930களின் இடைப்பகுதியில் டி. எஸ். சொக்கலிங்கம் ஆசிரியராக இருந்த ‘தினமணி’யில் புதுமைப்பித்தன் உதவியாசிரியரானார். அங்கு 1943 வரை பணியாற்றினார். அக்காலத் தமிழ் நாளேட்டு உதவியாசிரியரின் பணியில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளை உடனுக்குடன் தமிழாக்குவதாகும். நாள் முழுதும் பிறர் வாக்கியங்களைத் தமிழாக்கிக்கொண்டிருப்பவருக்குத் தம் வாக்கியம் எஞ்சுமா என்ற ஐயம் இயல்பானது. மரபுச் சித்திரத்தின்படி இவ்வாண்டுகள் வீணான ஆண்டுகளாக இருத்தல் வேண்டும். உண்மை வேறாக உள்ளது. ‘காஞ்சனை’, ‘செல்லம்மாள்’, ‘சாபவிமோசனம்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ ஆகிய நான்கும் 1943 என்னும் ஒரே ஆண்டில் ‘கலைமக’ளில் வெளிவந்தவை. தமிழ்ச் சிறுகதையின் உச்சங்கள் என்று எந்தத் தொகுப்பாளரும் தயக்கமின்றிச் சேர்க்கும் கதைகள் இவை. ஒன்பது பத்துப் பக்கங்களில் முடிக்க வேண்டும் என்ற பதற்றம் இவற்றில் இல்லை, நிதானம் உண்டு. மாதந்தோறும் வந்த சம்பளத்துக்கும் இந்நிதானத்துக்கும் தொடர்பில்லை என்று நம்மால் கூற இயலவில்லை.

நாளேட்டுப் பணி கொடுத்தவை வேறு சிலவும் உண்டு. முசோலினியைப் பற்றிய ‘பாசிஸ்ட் ஜடாமுனி’யும் ஹிட்லரைப் பற்றிய ‘கப்சிப் தர்பா’ரும் உலகச் செய்திகளோடு நாள்தோறும் புழங்கிய ஒருவரின் நூல்கள். அரசியல் வரலாற்றை அங்கதத் தலைப்பிட்டு எழுதும் துணிவைச் செய்தியறை தந்தது. பாடத்திட்டங்களில் இவற்றுக்கு இடமில்லை. அவருடைய நூல் மதிப்புரைகளுக்கும் இல்லை.

எழுத்துத் தொழிலையே பொருளாகக் கொண்ட கதைகள் இரண்டு நம் நோக்கில் சிறப்பிடம் பெறுகின்றன. 1937-இல் மணிக்கொடியில் வந்த ‘ஒருநாள் கழிந்தது’ கதையின் நாயகர் முருகதாசர் விளம்பரம் எழுதிப் பிழைக்கும் எழுத்தாளர். பெரிய நாவல் ஒன்றை எழுதும் எண்ணம் அவருக்கு உண்டு. அந்த நாளோ வீட்டுச் செலவுக்குச் சில்லறை தேடுவதிலும் வந்த நண்பர்களோடு பேசுவதிலும் கழிகிறது. கதை அவரைத் தியாகியாக்கவில்லை. சற்றே நகையாடவும் செய்கிறது. கடன் கேட்கச் சொற்களைத் தேடும் எழுத்தாளரின் கூச்சம் அங்குப் பதிவாகியிருக்கும் நுட்பத்தைப் புலமைக் கட்டுரைகள் போதிய அளவு பேசவில்லை. மற்றொன்று கந்தசாமிப் பிள்ளையின் கதை. அவர் சித்த வைத்திய இதழ் நடத்துபவர். பூலோகத்துக்கு வந்த கடவுளிடமே ஆயுட்சந்தா சேர்க்க முனைகிறார். தம் கூத்தைக் காட்டிப் பிழைக்க முயலும் கடவுளும் கலைப் புரவலரின் இரசனைக்கு முன் தோற்றுப்போகிறார். தத்துவக் கதையாக மட்டுமே நாம் நடத்திவரும் இக்கதை, கலையை விலைக்கு விற்க நேர்ந்தவன் எழுதிய கதையுமாகும். சந்தா சேர்ப்பதன் அவலத்தை இதழியலுக்குள் இருந்தவரன்றி வேறு யார் இவ்வளவு சிரிப்போடு எழுதியிருக்க முடியும்?

தினமணியிலிருந்து வெளியேறிய பின் ‘தினசரி’யில் சில காலம் பணியாற்றிவிட்டுத் திரைத்துறையை அவர் நாடினார். மரபுச் சித்திரம் உண்மையாவது இங்குத்தான். ‘ஔவையார்’, ‘காமவல்லி’ ஆகிய படங்களுக்கு எழுதினார். குற்றாலக் குறவஞ்சியைப் படமாக்கும் எண்ணத்துடன் ‘பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார், அம்முயற்சி கைகூடவில்லை. எழுத்தாளர் முதலாளியாக முயன்று தோற்ற இந்நிகழ்ச்சி, கூலியாக உழைத்த ஆண்டுகளைவிட அவருக்குப் பெரிய இழப்பாயிற்று எனலாம். பின்னர் எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்துக்கு வசனம் எழுதப் புனே சென்றார். காசநோய் முற்றிய நிலையில் திருவனந்தபுரம் திரும்பி 1948-இல் மறைந்தார். அப்படம் அவர் மறைவுக்குப் பின்னரே திரைக்கு வந்தது.

நாளேடும் கூலி வேலைதான். திரைப்படமும் கூலி வேலைதான். எனினும் 1943-க்குப் பின்னர் அவருடைய கதைகள் அருகிவிட்டன. நாளேடு அவரைச் சென்னையில், இதழாசிரியர்களுக்கும் எழுத்து நண்பர்களுக்கும் இடையில் வைத்திருந்தது. வேலை அன்றன்று முடிந்தது. திரைப்படம் அவரை ஊர் ஊராக இழுத்தது. எழுதியதைப் பிறர் திருத்தினர், மாற்றினர், கைவிட்டனர். பணமும் வாக்குறுதியாகவே நெடுநாள் நின்றது. ‘அன்னை இட்ட தீ’ என்னும் நாவல் முற்றுப்பெறவில்லை. முருகதாசரின் எழுதப்படாத நாவலை அது நினைவூட்டுவதைத் தவிர்க்க முடியவில்லை.

வேறொரு கணக்கும் உண்டு. அவர் எழுதியவையாக உறுதிப்படுத்தப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட கதைகளுள் பாதிக்கும் குறைவானவையே அவர் வாழ்நாளில் நூலுருப் பெற்றன. எஞ்சியவை இதழ்களிலேயே கிடந்தன. இதழ் ஒருமுறை கொடுக்கும் பணம் அன்றோடு தீரும். நூலே எழுத்தாளனுக்கு மீண்டும் மீண்டும் வரவு தருவது. காலவரிசையில் அமைந்த செம்பதிப்பு ஆ. இரா. வேங்கடாசலபதியின் உழைப்பால் 2000-இல்தான் கிடைத்தது. 2002-இல் தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. சந்தையில் அவர் எழுத்து நிலைபெற்றபோது அவர் இல்லை.

வாடகை பற்றிய வினாவுக்கு நேரடியான சான்று, அவர் தம் மனைவியாருக்கு எழுதிய கடிதங்களில் உள்ளது. ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற தலைப்பில் இளையபாரதி அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். அன்பும் தவிப்பும் நிறைந்த அக்கடிதங்களைக் காதல் இலக்கியமாகப் படிப்போர் பலர். பணம் அனுப்புவதாகச் சொல்லும் இடங்களையும், வரவேண்டிய தொகைக்காகக் காத்திருக்கும் இடங்களையும் மட்டும் தனியே குறித்துக்கொண்டு படித்துப் பார்க்குமாறு ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம். தமிழ் எழுத்துத் தொழிலின் பொருளியல் வரலாற்றுக்கு அதைவிட நேர்மையான ஆவணம் எளிதில் கிட்டாது. கமலா விருத்தாசலமும் சிறுகதை எழுதியவர் என்பதையும், பணம் வந்தும் வராமலும் அவர் அக்குடும்பத்தைத் தாங்கினார் என்பதையும் அப்போது சேர்த்தே பேச வேண்டியிருக்கும்.

இனி வகுப்பில் ‘காஞ்சனை’யை நடத்தும்போது ‘பிரேத மனித’னின் சில பக்கங்களையும் உடன்வைத்துப் படிக்க எண்ணியுள்ளோம். ஒன்று படைப்பு, மற்றொன்று பதிப்பாளருக்காகச் செய்த மொழிபெயர்ப்பு. அச்சத்தைத் தமிழ் வாக்கியத்தில் எவ்வாறு ஏற்றுவது என்ற சிக்கல் இரண்டுக்கும் பொது. ஆசிரியர் பெயரை மறைத்துக் கொடுத்து, எது கூலிக்கு எழுதியது என்று மாணவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். விளம்பரங்களைத் தமிழாக்கும் அம்மாணவியைப் போன்றோர் அவ்வகுப்பில் இருப்பின், முதலில் கை உயர்த்துவோர் அவர்களாகவே இருப்பர் என்று எதிர்பார்க்கிறோம்.